எங்கள் வீட்டு வாசல், சம்பந்தி வீட்டு டிவியில்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் அப்பாவின் சௌக்கியத்தை நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை, தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் கேமராவுக்குக் காதும் உண்டு என்று அதை மாட்டிய மெக்கானிக் போன வாரம்தான் சொன்னார்.

திருடன் வந்துபோன கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து வந்தான், மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்தான், போகிற போக்கில் டிவிக்குக் கீழே இருந்த கேமராப் பதிவுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "கேமரா இருக்கே, அப்புறம் என்ன கவலை? பதிவைப் போடுங்க பார்க்கலாம்" என்றார். "அதைத்தான் சார் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன். "அப்ப அவன் வீட்டுல போய்த்தான் பார்க்கணும்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது நீங்கள்தான் வழி சொன்னீர்கள், படம் எடுக்கிற வீட்டிலேயே பதிவை வைத்தால் இப்படித்தான் ஆகும், ஒரு நகல் இன்டர்நெட் வழியாக வேறு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று. எங்கள் நகல் உங்கள் அப்பா வீட்டில், அவர் வீட்டு நகல் எங்கள் வீட்டில். ஏற்பாட்டில் குற்றமே இல்லை. நகலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வையுங்கள், திருட்டுப் போனால் மட்டும் திறந்து பாருங்கள் என்று மெக்கானிக்கும் படித்துப் படித்துச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும்தான், "பார்க்க முடியாத படத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? டிவியில வர்ற மாதிரி பண்ணிக்கொடுங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டோம்.

முதலில் உங்கள் அப்பா போன் செய்து, கேட்டைச் சாத்தாமல் தூங்கிவிட்டீர்கள் என்றார், நன்றி சொன்னேன். பிறகு செடிக்கு ஊற்றும் தண்ணீர் அதிகம் என்றார், சரி என்றேன். கொடியில் காயும் என் பனியனில் ஓட்டை என்றார், அதையும் தைத்துக்கொண்டேன், சம்பந்தியாயிற்றே. ஆனால் ஒருநாள் உங்கள் அத்தையையே கூப்பிட்டு, "சம்பந்தி தினமும் வாக்கிங் போறார்னு சொன்னீங்களே, காருக்குள்ள உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே எப்படிம்மா நடக்கிறார்?" என்று கேட்டிருக்கிறார். வாசல் கேமராவில் கார் முழுசாகத் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றிலிருந்து உங்கள் அத்தையும் கூடவே நடக்க வருகிறாள், அதுவும் என்னைவிட வேகமாக, பேசிக்கொண்டே.

நான் அப்படிப்பட்டவன் அல்ல, மாப்பிள்ளை. பிறத்தியார் வீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் அப்பா வீட்டில் புதுக் கால்மிதி போட்டிருப்பதும், அந்தப் பச்சை அந்த வாசலுக்கு எடுபடவில்லை என்பதும், கூரியர்காரர் மணி அடித்தால் உங்கள் அம்மா எழுந்து போகிறவரை உங்கள் அப்பா வராந்தாவில் தூங்குவதுபோல் இருப்பதும் தற்செயலாகக் கண்ணில் பட்டவை. தற்செயலாகத்தான் அவர் கொல்லைப்புறச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீசைக்குச் சாயம் தடவியதையும் பார்த்தேன். அது அவர் சொந்த விஷயம். இடது பக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் போன் பண்ணிச் சொன்னேன். கட் பண்ணிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. நான் கூப்பிட்டால் அங்கே போன் அடிப்பது இங்கே டிவியில் தெரிகிறது. எடுத்துப் பார்க்கிறார், கேமராவை ஒரு முறை முறைக்கிறார், போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

எனக்கு மனசே சரியில்லை, மாப்பிள்ளை. ரிட்டயர் ஆனபிறகு எனக்கென்று வாய்த்த ஒரே சிநேகிதர் அவர்தான். மிக்ஸி போனால் வேறு மிக்ஸி வாங்கலாம், பதிவைக் காப்பாற்றப் போய் சம்பந்தியைப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை. ஆகையால் இணைப்பைக் கழற்றிவிட மெக்கானிக்கை இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். நகல் இனி உங்கள் வீட்டுக்கே வரட்டும், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பார்க்க நேரமிருக்காது. இதை உங்கள் அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

என் மகளுக்கு ஆசிகள். உங்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி உங்கள் அத்தை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை முடித்து உள்ளே போய் நான் கண்ணயர்ந்த நேரத்தில் மெக்கானிக் வந்திருக்கிறார். கேட் பூட்டியிருக்கவே பின்சுவர் ஏறிக் குதித்து, எங்கள் ஏணியையே போட்டு, ஒயரைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறார். உங்கள் அப்பா அங்கே டிவியில் முதுகை மட்டும் பார்த்து, திருடன் என்று நினைத்து எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் போட, தெருவே திரண்டு வந்து மெக்கானிக்கை ஏணியோடு பிடித்துவிட்டது. கடைசியாக எனக்கும் போன் வந்தது. "சம்பந்தி, பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் லென்ஸ் துடைக்க வந்தவர் என்று சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் காலையிலிருந்து நான் வாசலில் உட்கார்ந்து எழுதியதை அவர் பார்த்திருக்கிறார். "யாருக்கு இவ்வளவு நீளமா எழுதினீங்க?" என்றார். "மாப்பிள்ளைக்குத்தான், உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா? இப்பவே போய்ப் போட்டுட்டு வாங்க, நான் பார்க்கிறேன்" என்கிறார். தபால் பெட்டி வேறு எங்கள் கேட்டுக்கு நேர் எதிரிலேயே இருக்கிறது. ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் பின்குறிப்பை மட்டும் படியுங்கள்.