காகிதம் போட்டு மூடிய வெளிச்சம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், என் இடுப்பு நீங்கலாக. இதைச் சமையல் மேடைமேல் நோட்டை வைத்து நின்றபடி எழுதுகிறேன். உட்கார முடியாத காரணத்தை அம்மா போனில் சிரித்த சிரிப்பில் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும்; மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் மேற்பார்வை பார்க்கும் அரங்கத்தில் படி விளிம்புக்கெல்லாம் ஒளிரும் பட்டை ஒட்டினார்கள், கரண்ட் போனாலும் ஜனங்கள் படி தெரிந்து இறங்க. தீயணைப்பு அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அரங்கம் திறக்கும். புதுப் பொருள், யாரும் மிதித்து அழுக்காக்கக் கூடாதென்று பதினைந்து நாள் பழுப்புக் காகிதம் போட்டு மூடி வைத்தேன். டிவி ரிமோட்டை இன்னும் பிளாஸ்டிக் உறையோடு வைத்திருப்பவன்தானே நான். அதிகாரி வந்ததும் விளக்கையெல்லாம் அணைத்து, திறப்பு விழா மாதிரி காகிதத்தை உரித்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கினேன். கும்மிருட்டு. எட்டுப் படியைக் கால் கண்டுபிடித்தது, மீதியை இடுப்பு கண்டுபிடித்தது. அதிகாரி மேலிருந்து நிதானமாக, "அடி பலமா? பட்டை எந்தப் படியில இருக்குன்னாவது தெரிஞ்சுதா?" என்றார்.

பட்டை போலி என்று குதித்துவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை அம்மாவுக்கு இப்படி விளக்கினேன்: பட்டையில் பூசியிருக்கும் ஒளிரும் பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு; வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் துள்ளி எழுந்து அதில் விழுந்து மாட்டிக்கொள்ளும்; விளக்கை அணைத்த பிறகு, அறையின் சூடு தட்டித்தட்டி எழுப்ப, ஒவ்வொன்றாக ஏறி வந்து பழைய இடத்துக்குத் திரும்பும்; திரும்பும்போது கொஞ்சம் வெளிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும். அம்மா கேட்டாள், "உள்ள போனாத்தானே வெளிய வர்றதுக்கு? மூடி வச்சது நீங்க, பழி பட்டை மேலயா?" பத்தாவதைத் தாண்டாத எங்கள் இருவருக்குமே புரிந்துவிட்டது, நீ நல்ல வாத்தியார்தான்.

மறு சோதனைக்குக் காலையிலிருந்தே எல்லா விளக்கையும் எரியவிட்டேன். அணைத்ததும் கீழேவரை படிப்படியாகப் பச்சை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். என்னை மட்டும் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொன்னார்.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் உன் ஏழு வயது ஞாபகம் வந்துவிட்டது. இருட்டில் சுவிட்ச் தெரியவில்லை என்று நீ அழ, கட்டிலோரச் சுவிட்சில் ஒளிரும் பெயின்டில் ஒரு பொட்டு வைத்தேன். சுவரில் பாதி, என் மூக்கில் மீதி. நீ இரண்டு கையையும் குவித்து உள்ளே கண்ணை வைத்து, "அப்பா, இன்னும் இருக்கு" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் செய்தி வாசிப்பாய்.

லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டாய். ஓர் இடுப்புக்காக அவ்வளவு தூரம் எதற்கம்மா, வேலையைப் பார். இங்கே உன் பழைய அறை விளக்கு சாயங்காலமானால் எரிகிறதென்று அம்மா போட்டுக்கொடுத்தாளாமே, அது வெறும் மறதி, வயசாகிறதில்லையா.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
இன்னும் நின்றுகொண்டிருக்கும் அப்பா

பி.கு.: மறதி இல்லை. உன் சுவிட்சில் வைத்த பொட்டு பழைய பெயின்ட், எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் மூன்று நிமிஷம்தான் தாங்குகிறது. அம்மா கடைக்குப் போனதும் உன் அறை விளக்கைப் போட்டுவைத்து, அணைத்து, கையைக் குவித்துப் பார்க்கிறேன். இன்னும் இருக்கு. அன்றைக்குப் போனில் "வா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன்.