மாதா கோயில் கோச்சில் கிடைத்த மைக்

படித்தவன் கையில் மைக்கைக் கொடுப்பது எங்கள் ஆட்களின் தீராத வியாதி. கலியாண வீடோ செத்த வீடோ, நாலு எழுத்துப் படித்தவன் அகப்பட்டால் "ரெண்டு வார்த்தை பேசுங்கோ" என்று எழுப்பி விடுவார்கள். அந்த வருடம் அகப்பட்டவன் நான்.

வெள்ளைக்கார நாட்டில் நாங்கள் குடியிருக்கும் நோர்பரியிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் வடக்கே ஒரு மாதா கோயிலுக்குக் கோச் பஸ் போகும். ஒழுங்குபடுத்துபவர் செபஸ்தி அண்ணை, கத்தோலிக்க வேதக்காரர். ஏறுவதில் பாதிப் பேர் எங்களைப் போலத் திருநீறு பூசிய சைவக்காரர். (மாதாவும் ஒரு அம்மன்தானே!) என் அம்மா ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. ஊரில் நடந்த சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போன என் அண்ணைக்காக அங்கே மெழுகுதிரி கொளுத்துவார். நான் அம்மாவின் பை தூக்கி.

அப்போது யூனிவர்சிட்டியில் எனக்கு ஓர் ஆராய்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கரின் யாத்திரைகளை வேடிக்கை பார்க்கப் போன புரொட்டஸ்தாந்து வெள்ளைக்காரர்கள், திரும்பி வந்து என்னவெல்லாம் திட்டி எழுதினார்கள் என்பதுதான் விஷயம். (எங்கள் ஊர்ச் சங்கத்தில் இதைப் படித்த முதல் ஆள் நான். கடைசி ஆளும் நான்தான்.)

கோச்சில் மட்டன் றோல்ஸ் கைமாறிக்கொண்டிருந்தபோது செபஸ்தி அண்ணை மைக்கை நீட்டினார். "தம்பி யாத்திரையைப் பற்றித்தான் படிக்கிறார். ரெண்டு வார்த்தை சொல்லுவார்."

நான் நடித்தே காட்டினேன். கல்லை முத்தமிடுகிறார்கள், ஜெபமாலைக் கடையில் முண்டியடிக்கிறார்கள், கும்பிட வந்த இடத்தில் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரித் தின்கிறார்கள் என்று அந்தத் துரைமார் முகம் சுளித்ததையெல்லாம் சொன்னேன். றோல்ஸ் கையோடு இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிக் கோச் சைவம், யாருக்கு நோகப் போகிறது என்று நினைத்தேன். (இந்த மூளைக்குத்தான் ஸ்கொலர்ஷிப் தந்தார்கள்.)

உற்சாகத்தில் குரலை உயர்த்தினேன். "பொம்பிளையள் சிலைக்கு முன்னால விழுந்து பிள்ளையளைக் கேட்டு அழுகினமாம். சிலைக்குக் காது இல்லையெண்டுகூடத் தெரியாத சனமாம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்.

"தம்பி, மைக்கைத் தா."

கொடுத்தேன்.

"ஒருத்தரும் குறை நினையாதேங்கோ, பிள்ளை படிச்சதைச் சொல்லுறான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சிலைக்குக் காது இல்லையெண்டு எனக்கும் தெரியும் ராசா. காது இருக்கிற ஆக்களிட்டயெல்லாம் கேட்டு முடிச்சிட்டன்."

மைக்கை நிறுத்தத் தெரியாததால் அம்மா மூக்கை உறிஞ்சியதும் கடைசி சீட்டு வரை கேட்டது. திரும்பி வரும்போது யாரும் என் பக்கம் றோல்ஸ் நீட்டவில்லை. அம்மாதான் தன்னுடையதில் பாதியைப் பிய்த்துத் தந்தார்.

"மைக்கைத் தா" என்ற அந்த ஒரு வசனம் எங்கள் குடும்பத்துச் சொத்தாகிவிட்டது. என் கலியாணத்தில் நன்றி சொல்ல எழும்பினேன். அம்மா மைக்குக்குக் கையை நீட்ட, மண்டபமே சிரித்தது. இப்போது நான் எதையாவது நீட்டி விளக்கினால் என் மகளும் "அப்பா, மைக்கைத் தாங்கோ" என்கிறாள்.

போன மாசியில் அம்மா போய்விட்டார். இந்தக் கோடையில் நான் தனியாகக் கோச் ஏறினேன். "தம்பி, மைக் வேணுமோ?" என்றார் செபஸ்தி அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பக்கத்து சீட்டில் அம்மாவின் பையை வைத்திருந்தேன்.

கோயிலில் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, சிலையைப் பார்த்து "அண்ணை எங்க?" என்று வாய்விட்டே கேட்டேன். அம்மாவுக்குப் பிறகு அதைக் கேட்க எங்கள் வீட்டில் நான்தான் மிச்சம்.