காலில் கட்டிய இரண்டாவது துவக்கு

நான் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். மூக்குத் துடைப்பது, சப்பாத்துப் போட்டுவிடுவது, கடித்த பிள்ளையையும் கடிபட்ட பிள்ளையையும் ஒரே மடியில் வைத்துச் சமாதானப்படுத்துவது, இவைதான் என் தொழில். அப்படிப்பட்ட ஒருத்தி பட்டுச்சேலையும் கைத்துவக்குமாக ஒஸ்லோப் பொலிசிடம் அகப்பட்டாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் சனம் மட்டும் உடனே நம்பிவிட்டது. (அதுதான் எனக்கு இன்றைக்கும் கவலை.)

பழியைக் கோமதியில்தான் போடுவேன். ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே இருப்பவள், மதுரைக்காரி. நாங்கள் பெண்களாகச் சேர்ந்து போட்ட நாடகத்துக்கு அவள்தான் இயக்குநர். முதல் ஒத்திகையிலேயே என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க துவக்குங்க" என்றாள். யாழ்ப்பாணத்தாருக்குத் துவக்கு என்றால் சுடுகிற சாமான். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் துவக்கை எடுத்து அவளுடைய நெற்றிக்கு நேரே நீட்டினேன்.

"ஐயையோ, ஆரம்பிங்கன்னு சொன்னேன்க்கா!"

அன்றைக்கே நான் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. ஏனென்றால் எனக்கு வில்லி வேடம். கடத்தல் கும்பலின் தலைவி. கதாநாயகி என் துவக்கைப் பறித்துவிடுவாள், சனம் கை தட்டும், அப்போது நான் ஒளித்துவைத்த இரண்டாவது துவக்கை எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது துவக்கைத் தெரிவுசெய்யத்தான் நாங்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்தோம்.

கோமதி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அமெரிக்காவில் ஒரு தாடிக்காரர் இதைப்பற்றியே வீடியோ போடுகிறாராம், உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவது துவக்கு முதலாவதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இடது கைக்கும் எட்ட வேண்டும். உடுப்பில் கொளுவக்கூடாது. வெளியே தெரியவே கூடாது.

முதலில் சேலை இடுப்பில் செருகிப் பார்த்தோம். நான் கதிரையில் இருந்ததும் அது உள்ளுக்குள் இறங்கிப் போய்விட்டது. வெளியே எடுக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். பிறகு கொண்டைக்குள் வைத்தோம். தலை ஒரு பக்கம் சரிந்து, வில்லிக்குக் கழுத்துப் பிடிப்பு என்று தோன்றியது. கைப்பையில் வைத்தால், நான் துழாவித் துழாவிக் கடைசியில் பாதி சாப்பிட்ட பணிசைத்தான் எடுத்தேன். (கோமதி இன்னோர் இடத்தையும் சொன்னாள். அதை இங்கே எழுத ஏலாது.) கடைசியில் கணுக்கால் என்று முடிவாயிற்று.

துவக்கும் இலேசில் அமையவில்லை. தண்ணீர்த் துவக்கு பச்சை நிறம். கடையில் வாங்கிய இன்னொன்றுக்கு வாய் செம்மஞ்சள், தூரத்திலிருந்து பார்த்தால் கரட் துண்டு. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையில் இரும்பால் செய்த, கறுத்த, கைக்கு அடக்கமான ஒன்று கிடைத்தது.

"அக்கா, அசல் மாதிரியே இருக்கு!" என்று கோமதி குதித்தாள். நானும் சேர்ந்து குதித்தேன். இரண்டு பேருக்கும் மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அதைத் திருப்பிக் கொடுத்திருப்போம்.

இனி என் மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேக்கரியில் வேலை. அமைதியான ஆள். ஆனால் ஒரு விழாவுக்கும், ஒரு மண்டபத்துக்கும் வரமாட்டார். பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் பலூன் உடைக்கத் தொடங்கினால், காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார். கேக் வெட்டி முடிந்த பிறகும் கார் அங்கேயேதான் நிற்கும், இவரும் அதற்குள்ளேயே இருப்பார். நான் அவரை உம்மணாமூஞ்சி என்பேன், சந்தோசம் தெரியாத மனுசன் என்று மகளிடம் முறையிடுவேன். வீட்டில் நான் துவக்கோடு வசனம் பாடமாக்கியபோதெல்லாம், அவர் பனி கொட்டுகிற பல்கனியில் போய் நின்றார். என் நடிப்புப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. சரியான கோபம் வந்தது.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு காலமும் ஒண்டும் கேக்கேல்லை. இந்த ஒரு நாளைக்கு முன் வரிசையில வந்து இருங்கோ. எனக்கு அது காணும்."

கனநேரம் யோசித்தார். "ஓம். வாறன்" என்றார்.

நான் அன்று வீடு முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன். நாடகம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, இவர் முன் வரிசையில் இருந்து கை தட்டினால் போதும் என்று இருந்தது எனக்கு.

நாடகம் வெஸ்ட்லியில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம். "பழக்கமாகணும்க்கா, வீட்லேர்ந்தே கட்டிக்கிட்டு வாங்க" என்றாள் கோமதி. நானும் பாவாடை நாடாவால் துவக்கைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, மேலே சேலை, அதற்கு மேலே குளிர்ச் சட்டை, முகத்தில் அரை அங்குலத்துக்கு மை, நெற்றியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பொட்டோடு புறப்பட்டேன். மகள் ஆரணிக்குப் பத்தொன்பது வயது. ரயிலில் எனக்கு எதிரே இருக்காமல் தள்ளிப் போய் இருந்தாள்.

"அம்மா, இது சரியான ஃப்ளௌட்." (மானம் போகுது என்பதற்கு இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்லும் சொல்.)

இவர் சிரித்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். தலை வாரி, சென்ற் பூசி, என் பக்கத்தில் இருந்தார். கல்யாண நாளில்கூட இவ்வளவு வடிவாக வெளிக்கிட்டதாக ஞாபகம் இல்லை.

வண்டி மாற இறங்கினோம். அவசரத்தில் நான் இரண்டு எட்டு ஓடியிருப்பேன், நாடா அவிழ்ந்தது. அந்தக் கறுத்த இரும்புத் துவக்கு ரயில் மேடையில் டங்கென்று விழுந்து சுழன்று, ஒரு பெண்ணின் சப்பாத்தடியில் போய் நின்றது. அவள் வீரிட்டாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் சும்மா நின்றிருப்பார்கள். நான் பாய்ந்து அதைக் கையில் எடுத்தேன். எடுத்து, எல்லாருக்கும் காட்டினேன்! சனம் சிதறி ஓடியது. இது விளையாட்டுச் சாமான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நாள் முழுக்கப் பாலர் பள்ளியில் காதில் விழுகிற நொர்வேஜிய வசனம்தான் வாயில் வந்தது: "நான் சும்மா விளையாடுறன்! சும்மா விளையாடுறன்!" மை பூசிய முகத்தோடு ஒரு பொம்பிளை துவக்கை ஆட்டிக்கொண்டு அப்படிக் கத்தினால் யார்தான் நிற்பார்கள்?

இரண்டு பொலிஸ்காரர் படியால் இறங்கி ஓடிவந்தார்கள். ஒரு பெண், ஒரு இளம் பெடியன். இருவர் கையிலும் அசல் துவக்கு. நான் பொம்மையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். ஆரணியும் தூக்கினாள். இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே முழந்தாளில் இருந்தார்.

யாரும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை. இரண்டு கையையும் பிடரியில் கோத்து, தலையைக் குனிந்து, நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பலமுறை செய்து பழகினவர் இருக்கிற மாதிரி இருந்தார். வாய் மட்டும் விடாமல் அசைந்தது. காது கொடுத்தபோதுதான் விளங்கிற்று, அது சிங்களம்.

இவருக்குச் சிங்களம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. இருபது வருசத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். ஒஸ்லோவில் கண்டு பழகிக் கட்டினவர்கள், விசாரிக்க ஆட்கள் யாரும் இல்லை. "எனக்கு ஒருதரும் இல்லை" என்று அவர் சொன்னார், நானும் மேற்கொண்டு கிண்டவில்லை. அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டவை இரண்டு சொற்கள். மாத்தையா என்றால் ஐயா. மல்லி என்றால் தம்பி. அந்தப் பெடியனைத்தான் தம்பி என்று கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

பொலிஸ்காரி பொம்மையைப் பார்த்ததும் தன் துவக்கை உள்ளே வைத்துவிட்டாள். அவருக்கு முன்னால் குந்தியிருந்து, மெல்ல, நொர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டாள். இவர் சிங்களத்தில் பதில் சொன்னார். திரும்பக் கேட்டாள். திரும்பவும் சிங்களம். ஆரணி ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்தாள்.

"அப்பா, இது ஒஸ்லோ. நாங்கள் ஒஸ்லோவில நிக்கிறம் அப்பா. ஒருதரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

அதையே அவள் எத்தனையோ முறை சொன்ன பிறகுதான் கைகள் மெல்ல இறங்கின. அவர் சுற்றிப் பார்த்தார். பொலிஸ்காரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாடகத்துக்கு நேரம் போயிட்டுதோ?" என்று கேட்டார்.

நான் அந்த இடத்திலேயே இருந்து குழறி அழுதேன். மையெல்லாம் கரைந்து வாய்க்குள் போனது.

பொம்மையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அசல் போலத் தெரிகிற ஒன்றைத் தெருவில் கொண்டுதிரிவது குற்றம் என்று எனக்கு நல்ல ஏச்சுக் கிடைத்தது. பிறகு அவர்களே எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நாடகத்தில் என் வேடத்தைக் கோமதியே போட்டாளாம். இரண்டாவது துவக்குக்குப் பதிலாக மண்டபத்தில் கிடந்த தலைமுடி உலர்த்தியை நீட்டினாளாம், சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். வீட்டில் இவர் நல்ல சட்டையைக் கழற்றி மடித்தபடி, "உம்மட நாடகத்தை நான் கெடுத்துப்போட்டன்" என்றார். எனக்குத் தலையைச் சுவரில் மோத வேண்டும் போல இருந்தது.

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அதன்பிறகு எனக்குப் பிஸ்டல் ராஜி என்று பட்டம். பாலர் பள்ளியில் பிள்ளை ஒன்று கடித்துவிட்டது என்று சொன்னால்கூட, "சுட்டுப்போடு" என்கிறார்கள் சிநேகிதிகள். ஆரணி நான் எதைப் பிழையாகச் செய்தாலும், "அம்மா சும்மா விளையாடுறா" என்கிறாள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையை எல்லாரையும்விட நன்றாகச் சொல்பவர் இவர்தான். துவக்கு என் இடுப்புக்குள் இறங்கினதிலிருந்து தொடங்கி, நான் துவக்கை ஆட்டிக் கத்தினது வரை நடித்தே காட்டுவார். அதோடு நிறுத்தி, "பேந்து வீட்டை வந்திட்டம்" என்பார். எங்கள் ஆட்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். எங்களில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

கோமதிக்கு உண்டு. ஆரணியின் பிறந்தநாள் மத்தியானச் சாப்பாட்டில் அவர் வழக்கம்போல நிறுத்தியதும், அவள் அப்பளத்தைக் கடித்தபடி வெள்ளையாகக் கேட்டாள்: "போலீஸ் வந்தாங்கல்ல, அப்புறம் என்னாச்சுண்ணா?"

நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன். இவர் தட்டை ஒரு பக்கம் தள்ளிவைத்தார்.

"அப்ப நான், என்ர தம்பியை விடச் சொல்லிக் கெஞ்சினனான்."

"விட்டாங்களா?"

"இல்லை."

கோமதி விடவில்லை, குரல் மட்டும் தணிந்தது. "தம்பி பேரு என்னண்ணா?"

"குகன்" என்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரிப்பதற்கு வெளிக்கிட்டது. "உந்தக் கதையை அவன் கேட்டிருக்க வேணும். இவ பாவாடை நாடாவால துவக்குக் கட்டினதைக் கேட்டு நிலத்தில கிடந்து உருண்டிருப்பான்."

என் மைத்துனரின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இப்போது வீட்டில் யாராவது இந்தக் கதையைத் தொடங்கினால், இவர் பாதியில் நிறுத்துவதில்லை. கடைசியில் குகன் உருண்டு சிரிக்கிற இடம் வரைக்கும் போவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு ஒவ்வொரு முறையும் அழுகைதான் முதலில் வரும், இப்போது அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.