ஐந்நூறு ஜாதகமும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

"அக்கா, உள்ள இருக்கற இடம் உள்ளங்கை அகலம்தான். நீ இன்னா, செங்கல்லு மாதிரி ஒண்ண வாங்கினு வந்துகீற?"

மெக்கானிக் குமரேசன் புது ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹேமாவதிக்கு முகம் சுருங்கிவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில், மருந்துக்கடை மாடியில் அவள் திருமணத் தகவல் மையம் நடத்துகிறாள். திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் ஐந்நூறு பேருடைய போட்டோவும் ஜாதகமும் இருந்தன. பெயர் வெளியே போய்விடக் கூடாதென்று ராசிக் கட்டத்தை மட்டும் ஸ்கேன் செய்து, கட்டத்துக்கும் போட்டோவுக்கும் ஒரே பதிவு எண்ணைக் கொடுத்து வைப்பாள். இரண்டு நாளாக உள்ளே 'டக் டக்' என்று சத்தம். டிஸ்க் போகப்போகிறது, வேறு வாங்கி வா என்று சொன்னவன் குமரேசன்தான்.

"டெஸ்க்டாப்புக்குன்னு கேட்டுத்தானே வாங்கினேன்!"

"பேருக்குத்தான்கா டெஸ்க்டாப்பு. இதுக்குள்ள லேப்டாப் டிஸ்க்குதான் உக்காரும். சின்னதா வாங்கினு வா."

பழையதையே மாட்டிவிட்டுப் போனான். நாலு குடும்பம் காத்திருந்ததால் ஹேமாவதியால் கம்ப்யூட்டரை அணைத்து வைக்க முடியவில்லை. மாலைக்குள் 'டக் டக்' போய் 'டர்ர்ர்' வந்தது.

மறுநாள் காலை தாம்பரம் கடைக்கு ஓடினாள். "சின்னதா கொடுங்க. இருக்கறதிலேயே சின்னது" என்றாள். கடைக்காரரும் கேட்டதைக் கொடுத்தார்.

"அக்கா, இது சூயிங்கம் மாதிரி கீது!" குமரேசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இத சொருகறதுக்கு இந்த மெஷின்ல வாயே இல்ல. பேஜாரா போச்சே! ஒண்ணு செய். பழசையே கழட்டித் தரேன். கைல காட்டி, இதே மாதிரி கேளு."

நல்ல யோசனைதான். புடவைத் துணியில் சுற்றி, கைப்பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வேகத்தடையில் ஆட்டோ எகிறியதில் பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

சரியான டிஸ்க் கிடைத்துவிட்டது. பழையதிலிருந்துதான் 'டக்'கும் இல்லை, 'டர்ர்'ரும் இல்லை.

அழாத குறையாக, அழிந்த தகவல்களை மீட்டுத் தருபவர் ஒருவரிடம் போனாள். பத்து நாளில் அவர் எல்லாவற்றையும் மீட்டுவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தார். பதிவு எண்கள் மட்டும் வரவில்லை. போட்டோக்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தன. கட்டங்களும் அப்படியே. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று ஹேமாவதி ஜோடி சேர்த்தாள்.

அதற்கப்புறம் மையத்துக்கு நல்ல காலம். மூன்று வருஷமாக எந்த ஜாதகமும் பொருந்தாத நிகிலுக்கு, செம்பாக்கம் சத்யப்ரியாவோடு பத்துக்குப் பத்துப் பொருத்தம்! ஹேமாவதியே பார்த்துச் சொன்னதால் இரண்டு வீட்டாரும் வேறு ஜோசியரைத் தேடவில்லை. பையனும் பெண்ணும் ஒருநாள் பேசினார்கள். மறுநாளும் பேசினார்கள். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஷ்யாம்சுந்தர் என்பவர் போன் செய்தார்.

"மேடம், நீங்க அனுப்பியிருக்கறது என் பொண்ணு ஜாதகமே இல்லையே!"

ஹேமாவதி பதறிப்போய் வரிசையைச் சரிபார்த்தாள். பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு போட்டோ மீளவில்லை. அதற்கு அப்புறம் எல்லாப் பெண்களும் ஒரு கட்டம் தள்ளி நின்றார்கள். சத்யப்ரியாவின் சரியான கட்டத்தை எடுத்துப் பார்த்தாள். பத்தில் இரண்டுதான் பொருந்தியது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தாள். மனசு கேட்கவில்லை. மண்டபத்துக்குப் போய், பெண்ணின் அம்மா சரளாவைச் சமையல்கட்டுப் பக்கம் தனியாக அழைத்தாள்.

"மேடம், என்னை மன்னிச்சிடுங்க. டிஸ்க் போனதுல ஜாதகம் மாறிடுச்சு. நான் பொருத்தம் பார்த்தது உங்க பொண்ணோட ஜாதகமே இல்ல. பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒரு தப்பு நடந்ததே இல்ல. மாப்பிள்ளை வீட்ல நானே சொல்லிடறேன்."

சரளா மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே நிகில் ஏதோ சொல்ல, சத்யப்ரியா சிரித்துக்கொண்டிருந்தாள். சரளா சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஹேமாவதியின் கையை இறுகப் பிடித்தாள்.

"மெதுவா பேசுங்க! இவ ஜாதகத்தை வெளியில காட்டினா எவன் வருவான்னுதான், உங்ககிட்ட கொடுக்கும்போதே என் தங்கச்சி பொண்ணோடதைக் கொடுத்தேன்."