சாம்பிள் சோகம்

மனிதகுலத்தில் மனக்கவலை என்றால் என்னவென்றே அறியாத ஒரே பிரிவினர் கால்பந்து ரசிகர்கள்தாம் என்று எட்சன் அறிவித்தபோது, அவன் ஆதரிக்கும் பார்டர் பாய்ஸ் அணி அந்த சீசனில் ஒரு மேட்சைக்கூட ஜெயித்திருக்கவில்லை.

அறிவிப்பு வெளியான இடம், ஓசூர் சிப்காட்டில் தொழிற்சாலை லீக் நடக்கும் மைதானத்து வாசலில் உள்ள டீக்கடை. அதற்குக் காரணம், கேட்டில் புதிதாக ஒட்டியிருந்த போஸ்டர். 'மனசு விட்டுப் பேசுங்க' என்று அதில் போட்டிருந்தது. ஒட்டியவர் பிரியதர்ஷினி மேடம். மைதானத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர். மேட்ச் முடிந்ததும் ரசிகர்கள் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. நாற்காலியும் உண்டு, பிஸ்கட்டும் உண்டு. இதுவரை பிஸ்கட் மட்டும் தீர்ந்திருந்தது.

"நமக்கு எதுக்குங்க மேடம் இது?" என்றான் எட்சன், டீ குடிக்க வந்த அவரிடம். பார்டர் பாய்ஸ் ரசிகர் மன்றத்துக்கு அவன் செயலாளர். "கத்தறோம். ரெஃப்ரீயை தமிழ், கன்னடம், தெலுங்குன்னு மூணு பாஷையில திட்டறோம். தோத்துட்டு போண்டா தின்னுட்டு ஊட்டுக்குப் போறோம். இதுக்கு மேல உள்ள என்ன மிச்சம் இருக்கும்?"

"கத்தறது வேற எட்சன். பேசறது வேற."

"பேசறதெல்லாம் கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு மேடம். அவங்களுக்குத்தான் நேரம் இருக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எட்சனுக்கு உற்சாகம் வந்தது.

"என்னையே எடுத்துக்கங்க. போன வருசம் எங்கப்பா தவறிட்டாரு. அதுவரைக்கும் அவரு இல்லாம நான் ஒரு மேட்ச் பாத்ததில்ல. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமையே வந்து இதே எடத்துல உக்காந்தேனா இல்லையா? எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மரியாதை காரணமாக என்று எட்சன் எடுத்துக்கொண்டான்.

மேடம் போன பிறகு, மன்றத்தின் பொருளாளர் விஜயகுமார் தொண்டையைச் செருமினான்.

"சகாயண்ணன் இன்னிக்கும் வரல, பாத்தியா?"

சகாயநாதன் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பார்டர் பாய்ஸுக்கு ட்ரம் அடிப்பவர் அவர்தான். அணி தோற்றாலும் ட்ரம் தோற்றதில்லை என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். அவர் கொஞ்ச நாளாக மேட்சுக்கு வருவதில்லை. அடுத்த ஞாயிறு தாண்டி வரும் ஞாயிறு, கடைசி மேட்ச். அதிலும் தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும்.

"மனசு சரியில்லையாம்," என்றான் விஜயகுமார். "வேலைக்குப் போறாராம், வர்றாராம். ஊட்ல ஒரு வார்த்த பேசறதில்லையாம். யாராச்சும் போயி என்னான்னு கேக்கணும்."

"கேளு."

"நானா? நீதான செயலாளர்."

ரசிகர் மன்ற வரலாற்றில் முதல்முறையாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

எட்சன் புதன்கிழமை சாயங்காலம் போனான். கதவைத் திறந்த அற்புதமேரி, சகாயநாதனின் மனைவி, "உள்ளதான் உக்காந்திருக்காரு. வாயவே தொறக்கறதில்ல எட்சா," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையை அடக்குகிறார் என்று எட்சன் புரிந்துகொண்டான்.

சகாயநாதன் அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்சன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். 'உங்களுக்கு மனசு எப்படி இருக்குண்ணா?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வாயைத் திறந்தான்.

"சானமாவு காட்டுலருந்து மறுபடி யானை எறங்கிருச்சாம்ணா."

"ம்."

"கூட்டமா வந்திருக்காம்."

"ம்."

மறுபடி முயன்றான். தக்காளி விலை வந்தது. அதற்கடுத்த முயற்சியில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி வந்தது. மனசு என்ற சொல் மட்டும் வரவில்லை. அற்புதமேரி கொடுத்த காபி ஆறி, மேலே ஆடை கட்டியது.

அப்போதுதான் எட்சனுக்குத் தொழில் கைகொடுத்தது. அவன் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எந்த ஷிஃப்டிலும் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்காது. முதலில் ஒரே ஒரு பீஸ் போட வேண்டும். அதை அளந்து பார்த்து ஓகே சொன்னால்தான் மற்றதெல்லாம் வரும். அண்ணன் பேச வேண்டுமென்றால், யாராவது முதல் பீஸ் போட வேண்டும். தன்னிடம் சோகம் கிடையாதுதான். அதனாலென்ன, ஒரு சாம்பிள் செய்துகொண்டால் போயிற்று.

"எனக்கே கொஞ்ச நாளா ஒரு மாதிரிதான் இருக்குண்ணா," என்றான்.

சகாயநாதன் திரும்பினார். "எப்பிடி?"

"தூக்கம் வரதில்ல."

"அப்புறம்?"

எட்சன் இதை எதிர்பார்க்கவில்லை. "சாப்பாடு எறங்க மாட்டேங்குது."

"அப்புறம்?"

"மேட்சுக்கு வர்றப்ப கடலை ரெண்டு பொட்டலமா வாங்கிர்றேன். ஒண்ணு தின்னுட்டு, இன்னொண்ணை என்ன பண்றதுன்னு தெரியாம பாக்கெட்லயே வெச்சிருக்கேன்."

இது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டான்.

"அப்புறம்?"

"கோல் போட்டா... நம்மாளுங்க போடறதில்ல, அவனுங்க போட்டாக்கூட, பக்கத்துல திரும்பி ஏதோ சொல்ல வாயத் தொறப்பேன். அங்க வேற யாரோ உக்காந்திருப்பாங்க."

தன் கற்பனை வளத்தை நினைத்து எட்சனுக்கே வியப்பாக இருந்தது. இனி அண்ணன் தன் பங்குக்குப் பேச வேண்டியதுதான். சகாயநாதன் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"நல்லா சாப்புடு. அப்பப்ப வா," என்றார். மறுபடி டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். டிவி அணைந்தேதான் இருந்தது.

மெஷின் ஓடவில்லை. ஆனால் முதல் பீஸ் ஃபேக்டரியை விட்டு வெளியே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அற்புதமேரி எட்சனுக்காக வேண்டிக்கொண்டார். அங்கே கேட்டவர்களுக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் மன்றாட்டுகள் வாசித்து முடித்த பெண், "மனச்சோர்வினால் வாடும் எங்கள் சகோதரர் எட்சனுக்காக ஆண்டவரை மன்றாடுவோம்" என்றாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரோடும் சேர்ந்து எட்சனும் சத்தமாகச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான், அந்தச் சர்ச்சுக்கு வருபவர்களில் எட்சன் என்று வேறு யாரும் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

வெளியே வந்து ஒவ்வொருவரையாகப் பிடித்து விளக்கினான். "எனக்கு ஒண்ணுமில்லைங்க. சும்மா சொன்னேன்."

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்கப்பா," என்றார்கள் அன்போடு.

சாயங்காலம் மேட்சுக்கே போகவில்லை. அவன் வராததும் ஒரு அறிகுறியாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. அன்றும் அணி தோற்றது. அதற்கும் எட்சன் இல்லாததுதான் காரணம் என்று மன்றம் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை கம்பெனி கேன்டீனில், கன்னடம் கலந்து பேசும் சமையல்காரர் நாராயணப்பன் களி உருண்டையை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தார்.

"ஏனப்பா எட்சன், ஊட்டா ஒழுங்கா தின்னு. கேள்விப்பட்டேன்."

"எனக்கு ஒண்ணுமில்லண்ணா."

"எனக்குந்தான் ஒண்ணுமில்ல." நாராயணப்பன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "எங்க ஊட்டம்மா மக கொழந்தையப் பாக்க மைசூர் போனா. அங்கியே இருந்துட்டா. இங்க முந்நூறு பேருக்குச் சமைக்கறேன். ராத்திரி ஊட்டுக்குப் போயி ஒருத்தனுக்குச் சமைக்கறதுக்கு கை வர மாட்டேங்குது. மேட்ச்ல நான் அந்தக் கத்து கத்தறனே, எதுக்குன்னு நெனச்ச? அதுக்கப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் பேசறதுக்கு ஆளில்ல."

எட்சன், "அப்புறம்?" என்றான்.

அது போதுமானதாக இருந்தது. நாராயணப்பன் பாத்திரம் கழுவும் நேரம் வரை பேசினார். முகம் தெளிந்து எழுந்து போனார்.

மறுநாள் எட்சனின் மேஜைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் ராமப்பன் எதிரணி ரசிகர். பகையை மறந்து வந்து, வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டதிலிருந்து அந்தப் பக்கம் போகவே மனசு வரவில்லை என்றார். விஜயகுமார் வந்தான். தனக்கு மூன்றாவதாகப் பார்த்த பெண் வீட்டாரும் வேண்டாமென்று சொல்லிவிட்டதை அதுவரை மன்றத்தில் யாருக்கும் சொன்னதில்லை என்றான். எட்சனுக்கு ஆறுதல் சொல்லவந்த எல்லோரும் தங்கள் கவலையைச் சொல்லிவிட்டு, ஆறுதலோடு திரும்பிப் போனார்கள். எட்சன் இதற்கெல்லாம் சொன்ன ஒரே வார்த்தை 'அப்புறம்'. வியாழனுக்குள், அவன் மிக ஆழமானவன் என்று பேர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்துக் கேட்டில் புதிய போஸ்டர். எட்சனின் ஆதார் அட்டைப் போட்டோவைவிடக் கொஞ்சம் சுமாரான ஒரு போட்டோ. கீழே, 'எட்சன் பேசினார். நீங்களும் பேசுங்கள்.'

எட்சன் பிரியதர்ஷினி மேடத்திடம் ஓடினான்.

"மேடம், அதக் கிழிச்சிருங்க. நான் பேசவேயில்ல."

"கூச்சப்படாதீங்க எட்சன். உங்களாலதான் போன ஞாயித்துக்கெழமை ஒரு நாற்காலிகூட காலியா இல்ல. பிஸ்கட் மிச்சமாயிருச்சு, அவ்வளவு பேச்சு."

"அது பொய்ங்க மேடம். சகாயண்ணனைப் பேச வெக்க நானா செஞ்ச சாம்பிள்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "அப்ப அவர்கிட்டயே போயி பொய்னு சொல்லிருங்களேன். நாளைக்கே போஸ்டரை எடுத்துர்றேன்."

நியாயமான பேச்சாகப் பட்டது. சாயங்காலமே சகாயநாதன் வீட்டுக்குப் போனான். ஊரெல்லாம் பேசிவிட்டது, பேச வேண்டியவர் மட்டும் அதே நாற்காலியில், அதே அணைந்த டிவியின் முன்னால் இருந்தார்.

"சகாயண்ணா, நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்."

"எது?"

"எல்லாம். தூக்கம் வரதில்லைன்னு சொன்னனே, அது."

"நேத்து தூங்குனியா?"

எட்சன் யோசித்தான். "நேத்து கரண்ட் இல்லண்ணா."

"முந்தாநேத்து?"

"கரண்ட் இருந்துச்சு." உடனே அடுத்ததுக்குத் தாவினான். "சரி, அத விடுங்க. அந்தக் கடலை, அது சுத்தமா நான் கட்டி விட்டது."

"ரெண்டு பொட்டலம் வாங்கறதில்ல?"

"வாங்கறேன். அது சின்ன வயசுப் பழக்கம். நானும் அப்பாவும்..." நிறுத்திக்கொண்டான். "அது கணக்குல வராதுண்ணா."

"பக்கத்துல திரும்பி வாயத் தொறக்கறது?"

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் எந்தப் பீஸையும் அளக்காமல் ரிஜெக்ட் செய்தவனில்லை. தான் செய்த பொய்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரிஜெக்ட் பெட்டியில் போட ஒன்றுகூடத் தேறவில்லை.

சகாயநாதன் ஸ்டூலை அவன் பக்கம் காலால் தள்ளினார்.

"அப்புறம்?"

எட்சன் உட்கார்ந்தான். யானை ஞாபகம் வந்தது, தக்காளியும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை.

"அப்பா போனப்ப நான் அழுவவேயில்லண்ணா," என்றான். "சாவு ஊட்ல அத்தன பேருக்கும் டீ சொல்லிட்டிருந்தேன். அந்த வாரமே மேட்சுக்கு வந்துட்டேன். வந்துட்டா சரியாயிரும்னு நெனச்சேன். ஒரு வருசமா வந்துட்டேதான் இருக்கேன்..."

கத்தவில்லை. யாரையும் திட்டவில்லை. மெதுவாக, விட்டு விட்டுப் பேசிக்கொண்டே போனான்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அற்புதமேரி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், மகளிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"லிபியா, அந்த வெல்ஃபேர் மேடத்துக்குப் போனப் போடு. எட்சன் தம்பி பேசிருச்சு, இனிமே உங்கப்பா சோகமா உக்காந்திருக்க வேண்டியதில்லைன்னு சொல்லு."