பாடாத பாட்டுக்கு நான் சொன்ன அபிப்பிராயம்

எதையாவது பார்த்துவிட்டோ கேட்டுவிட்டோ வீடு திரும்புகிற மனுஷனை வாசலிலேயே மறித்து, “எப்படி இருந்தது?” என்று கேட்கிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். செருப்பைக் கழற்ற விடமாட்டார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது. ஏன் நன்றாக இருந்தது, எந்த இடத்தில் நன்றாக இருந்தது, போன வருஷத்தைவிடவா என்று குடைந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் திருவனந்தபுரத்தில் அரிசி இல்லாத வீடு உண்டு. அபிப்பிராயம் இல்லாத வீடு கிடையாது.

இத்தனை எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு நாள் நான் விஸ்தாரமாகப் பதில் சொன்னேன். அதில் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கரமனையில் வீடு. சர்க்கார் ஆபீஸில் கிளார்க். சங்கீதத்தில் எனக்குப் பிடித்தது சினிமாப் பாட்டு. புஸ்தகத்தில் பிடித்தது, முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணம் விழுந்துவிடுகிற துப்பறியும் நாவல். சினிமாவில் பிடித்தது, வருகிற சினிமா எல்லாம். இதில் ஒன்றையும் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னால் ‘இவ்வளவுதானா இவன்’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் கனவான்களுக்குச் சொல்வதற்கென்று வேறு ஒரு ரசனையைத் தயாராக வைத்திருந்தேன். (ஆபீஸுக்குக் கோட்டு வைத்திருந்த மாதிரி. அதுவும் எனக்குச் சரியாகப் பொருந்தாது.)

ஸ்ரீவராகத்தில் கோமதியைப் பெண் பார்க்கப் போன அன்று, அவளுடைய அப்பா ஹரிஹர மாமா என் சம்பளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

“ஏது ராகமாக்கும் இஷ்டம்?”

“தோடி, மாமா.” தோடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பெரிய ராகம் என்பதுதான்.

“பேஷ்! புஸ்தகம்?”

“பழைய காவியம் ஏதாவது கையில் இருந்துண்டே இருக்கும்.”

“சினிமா?”

“அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்லை.”

“நன்னாச்சு. வெறுதே கண்ணைக் கெடுத்துக்கற சமாசாரமாக்கும் அது” என்றார் மாமா பரம திருப்தியோடு.

அதுவரை தலையைக் குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்த கோமதி, அந்தக் கடைசிப் பதிலுக்கு மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. அவ்வளவுதான், எனக்கு வேறு பெண்ணே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பரிதாபப்பட்டே ஒருத்தி என்னை இப்படி ஆக்குகிறாளே, சந்தோஷப்பட்டால் என்ன ஆவேன் என்று கரமனை வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஆனால் மாமா பிடிகொடுக்கவில்லை. “நவராத்திரி கழியட்டும், தீர்மானம் பண்ணலாம்” என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வக்கீலின் ஜாதகமும் வந்திருக்கிறது என்று தரகர் என் காதில் போட்டுவைத்தார். வக்கீலுக்குச் சொந்த வீடு, இரண்டு ஜோடி மாடு. எனக்கு இருந்ததோ தோடி மட்டும்தான்.

நவராத்திரிக் கச்சேரியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி. எந்த நாளைக்கு எந்த ராகம் பிரதானம் என்பது பரம்பரையாக ஏற்பட்டது. எப்பேர்ப்பட்ட வித்வான் வந்தாலும் மாற்ற முடியாது. சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கை தட்டக் கூடாது. ‘பலே’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெண்களுக்கு உள்ளே இடமே கிடையாது. அதனால் ஆண்பிள்ளைகள் போய்க் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொல்ல வேண்டும். மண்டபத்தில் அடக்கிவைத்த ‘பலே’ எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்தில் கொட்டித் தீர்ப்பார்கள்.

நாலாம் நாள் தோடி. அன்று காலையில் மாமாவிடமிருந்து ஆள் வந்தது. மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லையாம். நான் கச்சேரிக்குப் போய்விட்டு நேரே அவர்கள் வீட்டுக்கு வந்து எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமாம். அங்கேயே சாப்பாடாம். பெண்ணை எனக்குக் கொடுப்பதா வக்கீலுக்குக் கொடுப்பதா என்று அன்றைக்கே முடிவு செய்யப் போகிறார் என்பது ஆள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

அன்றைக்குத்தான் தம்பானூர்ப் பக்கம் இருந்த கொட்டகையில், இரண்டு வாரமாக ஓடின ஒரு படம் கடைசி. நான் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டால் பிராணன் போய்விடும் போல இருந்தது.

இப்போது நினைத்தாலும் அந்த இருபத்து நாலு வயதுப் பயலை இழுத்துவைத்து நாலு அறை விடலாம் போல இருக்கிறது. அவன் எப்படி யோசித்தான் தெரியுமோ? ராகம் தெரியும். பாடுகிற பாகவதரின் பெயரும் தெரியும். உள்ளே யாரும் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. மாமா படுக்கையில். மாமிக்கும் கோமதிக்கும் உள்ளே இடம் கிடையாது. ஆகவே, அபிப்பிராயம் சொல்வதற்குக் கச்சேரியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? சாயங்காலம் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

படமோ லேசில் முடிகிற வழியாகத் தெரியவில்லை. எட்டரை மணிக்குக் கச்சேரி முடிந்துவிடும் என்பதால் பாதியில் எழுந்து வந்தேன். கதாநாயகி கிணற்றுக் கட்டையில் ஒரு காலை வைத்தாயிற்று. முகமூடி போட்ட எவனோ ஒருவன் குதிரையில் வந்துகொண்டிருக்கிறான். அந்த இடத்தில் எழுந்து வருகிறவனுடைய வேதனை எனக்குத்தான் தெரியும். சட்டையைக் கழற்றி ஒரு வெற்றிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவைத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் விபூதியும் இட்டுக்கொண்டு ஸ்ரீவராகம் போய்ச் சேர்ந்தேன்.

மாமா தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். மாமி தூணோரம் நின்றாள். நான் இன்னும் படி தாண்டவில்லை.

“எப்படி இருந்தது?”

“மாமா, என்னத்தைச் சொல்ல? குரலா அது! தோடியைப் பிடிச்சாரே பார்க்கணும், அப்படியே உருகிப் போயிட்டேன்” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததோடு நிறுத்தினேனா? சனியன், எனக்கு நிறுத்தத் தெரியாது. மேல் ஸ்தாயியில் குரல் கம்பியாக நின்றது என்றேன். கீழே இறங்கும்போது குழைந்தது என்றேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வக்கீலின் மாடுகள் பாளையங்கோட்டையை நோக்கித் திரும்பி நடப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அதற்குள் கொல்லைப்புறக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அடுக்களை நிலைப்படிக்குப் பின்னால் கோமதியின் புடவைத் தலைப்புத் தெரிந்தது. (கல்யாணத்துக்கு முன்னால் நேருக்கு நேர் பேச முடியாது. கேள்வி அவளிடமிருந்து மாமிக்கு வரும், மாமியிடமிருந்து எனக்கு வரும்.)

“குரல் எப்படி இருந்ததுன்னு கேக்கறா” என்றாள் மாமி.

அவளே கேட்கிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “தேன்! சுத்தமான மலைத்தேன்!”

“பிடில் எப்படி இருந்ததுன்னு கேக்கறா.”

எல்லாவற்றையும் புகழ்ந்தால் விஷயம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே, எதையாவது குறை சொன்னால்தானே ரசிகன்? “பிடில் கொஞ்சம் மட்டம்தான். பாவம், பாட்டுக்கு ஈடு கொடுக்க முடியல்லே. பல இடத்துல சும்மா கையைக் கட்டிண்டு உட்கார்ந்துட்டார்.”

நிலைப்படிக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. மாமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

“கோமதி மண்டபத்துக்குப் பின்னாடி அவ சிநேகிதி ஆத்துல இருந்து மதிலோரமா நின்னு கேட்டுட்டு இப்பத்தான் வரா. பாகவதருக்குத் தொண்டை கட்டிப் போச்சாம். வாயே திறக்கல்லியாம். பிடில்காரர்தான் முழுக் கச்சேரியும் தனியா வாசிச்சாராம்.”

மாமா கண்ணைத் திறந்தார். இடுப்பு வலியை மறந்து நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். பூமி பிளக்கவில்லை. எப்போது பிளக்க வேண்டுமோ அப்போது அது பிளப்பதே இல்லை.

“அப்போ மண்டபத்துக்கே போகல்லே, அல்லோ?”

“இல்லை, மாமா.”

“பின்னே எங்கே போனீர்?” (அதுவரைக்கும் எனக்குக் கிடைத்துவந்த ‘நீங்கள்’ அதோடு போயிற்று.)

“சினிமாவுக்கு.”

“எழுந்து போமய்யா!”

எழுந்தேன். கோமதி போயே போய்விட்டாள் என்று தெரிந்தது. அழுதுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். அப்போது நிலைப்படிக்குப் பின்னாலிருந்து, மாமி வழியாக இல்லாமல், நேராகவே ஒரு குரல் வந்தது.

“அது என்ன கதை?”

மாமா திகைத்தார். மாமி திகைத்தாள். எனக்கு மட்டும் போன உயிர் திரும்பிற்று. நின்ற இடத்திலேயே கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். காணாமல் போன அண்ணன், சொத்தைப் பிடுங்கிக்கொண்ட சித்தப்பா, பட்டினி கிடக்கும் தங்கை என்று ஒன்று விடாமல் சொன்னேன். இதில் பொய்யே இல்லாததால் எனக்கு ரொம்பச் சரளமாக வந்தது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா மறுபடி சாய்ந்து சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஆனால் சித்தப்பா வரும்போதெல்லாம் “துஷ்டன்” என்று முனகினார். தங்கை கிணற்றுக் கட்டைக்கு வந்தாள், குதிரைக்காரனும் வந்தான். நான் நிறுத்தினேன்.

“அப்புறம்?” என்றார் மாமா.

“தெரியாது, மாமா. அதுக்குள்ளே எழுந்து வந்துட்டேன்.”

பொய் சொன்னதற்கு வந்த கோபம் ஒன்றுமே இல்லை, இப்போது வந்ததுதான் கோபம். “மனுஷனைக் கிணத்தங்கரையிலே நிறுத்திட்டுப் போறதா? என்ன ஆளய்யா நீர்! நாளைக்கு முடிவைத் தெரிஞ்சுண்டு வாரும். இல்லைன்னா வரவே வேண்டாம்.”

மறுநாள் படம் கொட்டகையை விட்டுப் போய்விட்டது. ஆபீஸில் பார்த்தவர்களையெல்லாம் பிடித்தேன். “முடிவு என்ன சார்?” என்றால் ஒருத்தர், “போரா, முதல் பாதிதான் கொள்ளாம்” என்றார். (படம் போதாது, முதல் பாதிதான் தேவலை என்று மலையாளத்தில்.) இன்னொருத்தர், கதாநாயகி கொஞ்சம் குண்டு என்று வருத்தப்பட்டார். மூன்றாமவர், இந்தக் காலத்துப் படங்களின் போக்கைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசினார். அட, அந்தப் பெண் பிழைத்தாளா செத்தாளா என்று சொல்லித் தொலையுங்களேன்! அத்தனை பேரிடமும் அபிப்பிராயம் இருந்தது. ஒருத்தரிடமும் முடிவு இல்லை.

வெறுங்கையோடு ஸ்ரீவராகம் போய் உண்மையைச் சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இட்டுக்கட்டி ஒரு முடிவைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது போலும்.

“பொய் சொல்லவும் தெரியல்லே, சமாளிக்கவும் தெரியல்லே. பாவமாக்கும்” என்றார் மாமியிடம். “வக்கீல்னா நம்மாலே கண்டுபிடிக்கவே முடியாது. இவனாலே ஆபத்தில்லை.”

நிலைப்படிக்குப் பின்னாலிருந்து கோமதி, “முடிவு எனக்குத் தெரியும். குதிரையிலே வந்தது அண்ணன். கிணத்துலே விழுந்தது சித்தப்பா” என்றாள். மாமா பெருமூச்சு விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆறேழு வருஷம் கழித்து அதே படம் மறுபடி வந்தது. மாமா, மாமி, நாங்கள், எங்கள் இரண்டு குழந்தைகள் என்று குடும்பத்தோடு போனோம். குதிரையில் வந்தவன் முகமூடியைக் கழற்றினான். பார்த்தால் அவன் யாரோ பக்கத்து ஊர் ஜமீன்தார். அண்ணன் கடைசிவரைக்கும் வரவே இல்லை. சித்தப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விருந்து சாப்பிட்டார்.

கோமதி எழுந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “தப்பா எடுத்திருக்கா. வாங்கோ, போலாம்” என்றாள்.

மொத்தக் குடும்பமும் எழுந்து அவள் பின்னால் நடந்தது. முதலில் எழுந்தவர் மாமாதான்.