முன்வரிசையில் ஒரு காலி இடம்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. அது எங்கே இருந்தது என்பதுதான் பிரச்சினை.

காலையில் குளத்தங்கரையில் இருக்கும். சாயங்காலம் மூங்கில் புதருக்குள் இருக்கும். சில நாள் இரண்டு இடத்திலும் இருக்காது. இருக்கிற புலியைவிட இல்லாத புலிதான் மோசம் என்பது குட்டி போட்ட மான்களுக்குத் தெரியும்.

இதற்கு அந்தக் காட்டில் ஒரு வழி இருந்தது. குளத்துக்குப் போகிற பாதையில் ஒரு மருத மரம். அதன் உச்சியில் மந்தியப்பன் என்ற சாம்பல் மந்தி குடியிருந்தார். புலியின் வால்நுனி தெரிந்தால் போதும், "கக்! கக்!" என்று கத்துவார். கீழே மேய்கிற மான்கள் பறந்துவிடும். மான்களின் மூக்கில் புலிவாடை பட்டால் அவை கத்தும், மந்தியப்பன் ஒரு கிளை மேலே ஏறிக்கொள்வார். மற்ற நேரத்தில் அவர் தின்றது போக உதிர்க்கிற தழையை மான்கள் தின்னும். பல தலைமுறையாக இப்படியே நடந்தது. அதற்கு யாரும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

பவளம் என்ற புள்ளிமானுக்கு ஒரே ஒரு குட்டி. பெயர் பொட்டு. அவனுக்கு முன்னால் ஒன்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் பவளம் புல்லைப் பார்த்துக்கொண்டு "ம்" என்பாள், அவ்வளவுதான். அது போனது ஒரு மத்தியானத்தில். மந்தியப்பனுக்கு வயதாகிவிட்டது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கண் அசந்துவிடும்.

"அண்ணே, மத்தியானம் மட்டும் தூங்காம இருங்களேன்."

"நானா தூங்குறேன்? அதுவால்ல வருது, தாயி."

எனவே பவளம் காட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நாரை மேடம் இருந்தார். வெள்ளை உடுப்பு, நீளக் கழுத்து. நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார், ஒற்றைக் காலில்தான் நிற்பார். வரிசை கலைந்தால் கண்ணாலேயே கொத்துவார்.

"என்ன வேணும்?"

"இன்னொரு மந்தி, மேடம். மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் போதும்."

நாரை மேடம் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். "மந்தின்னு ஒரு கட்டமே இல்லையேம்மா."

"கீழ எழுதட்டுமா?"

"கீழ எழுதக் கூடாது. அது அலுவலக உபயோகத்துக்கு." மறுபடி கீழிருந்து மேலே பார்த்தார். "காவல் இல்ல, கத்தல் இல்ல. 'கலை, தொழில்நுட்பம், புதுமை'ன்னு ஒண்ணு இருக்கு. அதுல டிக் போட்டுக் குடுத்துட்டுப் போ. ஏதாவது வரும்."

பொட்டு பால் கேட்டு மடியை முட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற காட்டுப்பன்றி, "சீக்கிரம் ஆகட்டும்மா, எனக்கும் வீடு வாசல் இருக்கு" என்றது. பவளம் டிக் போட்டாள்.

பதினைந்தாவது நாள் ஏதோ வந்தது.

வந்தவர் ஒரு முள்ளம்பன்றி. வீட்டில் வைத்த பெயர் ஊசிமுத்து. டிஜிட்டல் கலைஞர் ஆனபிறகு வெறும் ஊசி. கழுத்தில் ஒரு டேப்லெட் தொங்கியது. வரைய வேண்டுமென்றால் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொள்வார். குறை சொல்ல வருகிறவர்கள் யாரும் அவரை நெருங்க முடியாது. கலைஞருக்கு இது பெரிய வசதி.

"வாங்க சார். மந்தி எங்க?" என்றாள் பவளம்.

"சார் வேண்டாம், ஊசி போதும். உங்க பயத்தைப் பத்திச் சொல்லுங்க."

"புலி எங்க இருக்குன்னு தெரியணும்."

"அது தகவல். நான் கேக்குறது பயம். அதுக்கு என்ன நிறம்?"

பவளம் யோசித்தாள். "மஞ்சள். கறுப்புக் கோடு போட்டிருக்கும்."

"பிரமாதம்!" என்று ஊசி குறித்துக்கொண்டார். "புலி வந்தா கத்துறது பழைய முறை. புலி வராதப்பவும் நாம புலியை உணரணும். அதான் என் கனவு."

"வராதப்பவும் அதைத்தான் சார் உணர்ந்துக்கிட்டு இருக்கோம்."

"அதை எல்லாருக்கும் கொண்டு போகப் போறேன். காலத்தைத் தாண்டி நிக்கும்."

கனவுக்கு அனுமதி கிடைக்க ஒரு நிபந்தனை இருந்தது. குறைந்தது நான்கு துறைகள் கைகோக்க வேண்டும். ஒளித் துறைக்கு எழுநூறு மின்மினிகளைப் பகல் ஷிப்டில் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வேலை: எரி, அணை. "இவ்வளவுதான் டிஜிட்டல்" என்று ஊசி விளக்கினார். மின்மினிகள் எரிந்து அணைந்தால் இருட்டில் ஒரு பெரிய புலி நடந்து வரும். வாசனைத் துறைக்குப் புனுகுப்பூனை. அது அசல் புலிவாடையைத் தயாரித்து இலை இலையாகத் தடவியது. ஒலித் துறைக்கு மந்தியப்பன். நான்காவதாக, கருப்பொருள் என்ற இடத்தில் ஊசி 'புலி' என்று எழுதிக்கொண்டார்.

"புலியைக் கேட்டீங்களா?" என்றாள் பவளம்.

"கேக்கணும்னா அது எங்க இருக்குன்னு தெரியணுமேம்மா."

மந்தியப்பனின் கத்தலைப் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்தார்கள். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கூடவே ஓர் ஒப்பந்தம். காட்சி முடிகிறவரை அவர் வேறெங்கும் கத்தக் கூடாது. கத்தினால் அசல் எது, நகல் எது என்று குழப்பம் வருமாம்.

"அண்ணே, அப்ப மரத்துல யாரு?"

"நானேதான் தாயி. உக்காந்திருப்பேன், பாத்துக்கிட்டே இருப்பேன். கத்த மட்டும் மாட்டேன்." பொன்னாடையைத் தடவிக்கொண்டார். "இதைப் போட்டதுலேர்ந்து தூக்கமே வரலை, தெரியுமா?"

காட்சிக் கூடம் குளத்துப் பாதையின் குறுக்கே எழுந்தது. சுற்றிலும் தேக்கிலை அடைப்பு, உள்ளே கும்மிருட்டு. குளத்துக்கு வேறு வழி மூங்கில் புதர்தான். அந்தப் பக்கம் எந்த மானும் போகாது. எனவே தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கலையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தொடக்க விழா மத்தியானம் இரண்டு மணிக்கு. விண்ணப்பதாரர் என்பதால் பவளத்துக்கு முன்வரிசை. பக்கத்தில் ரஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள், அடுத்த புதர்க்காரி. அவள் குட்டி சாந்தி நான்கு காலையும் மடக்கிச் சிலை மாதிரி இருந்தது. நாரை மேடம், "குட் கேர்ள்" என்று அதன் நெற்றியில் ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டினார். ரஞ்சிதத்தின் கழுத்து இரண்டு விரற்கடை உயர்ந்தது.

விளக்கு அணைந்தது. மின்மினிப் புலி நடந்து வந்தது. "கக்! கக்!" என்றது பதிவு. எல்லா மான்களும் துள்ளி எழுந்தன, பிறகு வெட்கப்பட்டுச் சிரித்து உட்கார்ந்தன. இரண்டாம் முறை பாதி மான்கள் எழுந்தன. ஐந்தாம் முறை ஒருவரும் எழவில்லை. ஒரு கிழக் கலைமான் அசைபோடக்கூட ஆரம்பித்துவிட்டார்.

பொட்டு மட்டும், "உச்சா" என்றான்.

"கொஞ்சம் பொறுடா."

"வீட்டுக்குப் போலாம்."

"ஸ்ஸ்."

"வீட்டுக்கூஊ!"

எல்லாக் கழுத்தும் திரும்பின. சபையில் பிள்ளை அழும்போது தாயின் முதுகில் எத்தனை கண் விழும் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும். பவளம் காதை நக்கினாள், பால் கொடுத்தாள், கடைசியில், "வாயை மூடலேன்னா புலிகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அழுகை இரண்டு மடங்கானது.

"சாந்தியைப் பாரு, எப்படி இருக்கா" என்றாள் ரஞ்சிதம், முகத்தைத் திருப்பாமலே.

நாரை மேடம் வந்துவிட்டார். "பிள்ளைக்கு டிசிப்ளின் சொல்லித் தரலையா? இது என்ன சந்தையா? பின்வாசல் வழியா வெளிய போங்க."

பவளம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். வெளியே வந்ததும் பொட்டு அழுகையை நிறுத்தி, குளத்துப் பக்கம் திரும்பி நின்று, உச்சா போனான். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மருத மர உச்சியில் மந்தியப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பொன்னாடை நழுவிக் கிளையில் தொங்கியது. வால் மட்டும் நேராக முன்வாசலைக் காட்டியது.

பவளம் தேக்கிலை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

"பாஸ் இருக்கா?" என்று முன்வாசலில் நாரை மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸா? எனக்கா?"

"பேரு?"

"புலி."

நாரை மேடம் பட்டியலைப் பார்த்தார். "கருப்பொருள், நாலாவது துறை. கூட்டுப் படைப்பாளியே இவ்வளவு லேட்டா வந்தா எப்படி? முன்வரிசையில ஒரு இடம் இப்பதான் காலியாச்சு. சத்தம் போடாம போய் உக்காருங்க."

"சத்தம் போடுற வழக்கமில்லை" என்றது புலி.

பவளம் கத்தினாள். தன் மூத்த பிள்ளைக்காகக் கத்த முடியாமல் போன கத்தலையும் சேர்த்துக் கத்தினாள். "ரஞ்சிதம்! எந்திரிடி! ஓடு!" உள்ளே பதிவும், "கக்! கக்!" என்று கத்திக்கொண்டிருந்தது. வாடை எங்கும் ஒரே வாடை. இருட்டில் ஊசியின் குரல் பரவசமாகக் கேட்டது: "பாத்தீங்களா? பார்வையாளர்களும் வெளியிலேர்ந்து பங்கேற்க ஆரம்பிச்சுட்டாங்க!"

பிறகு ஓர் உறுமல். கூடம் முழுக்கக் குளம்புகளைத் தட்டிப் பாராட்டியது. வெகுநேரம் தட்டியது. அப்புறம் கொஞ்சம் குறைவான குளம்புகளோடு தட்டியது.

மறுநாள் காலை குளத்தங்கரைச் சேற்றில் ஒரு வெள்ளி நட்சத்திரம் கிடந்தது. பொட்டு அதை முகர்ந்து பார்த்து, "சாந்தி" என்றான். பவளம் அவனை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

மந்தியப்பன் மரத்திலிருந்து பாதி தூரம் இறங்கி வந்தார். "கத்தத்தான் வந்துச்சு தாயி. தொண்டை வரைக்கும் வந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேனே."

பவளம் புல்லைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றாள்.

அந்த வாரமே ஊசியின் அறிக்கை அலுவலகத்துக்குப் போனது. 'நீடித்த தாக்கம்' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தார்: "ரஞ்சிதம், அவர் குட்டி, ஒரு மூத்த கலைமான் ஆகிய மூவரும் படைப்போடு முழுமையாக ஒன்றிவிட்டனர். இன்றுவரை திரும்பவில்லை." பார்வையாளர் கருத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. "மீண்டும் வருவேன். இப்படிக்கு, புலி." ஊசிக்குக் காட்டின் உயரிய விருது கிடைத்தது. விருது உரையில், பயமில்லாமல் கலை இல்லை என்றார். சொல்லும்போது முதுகு முட்கள் ஒவ்வொன்றும் பளபளத்தன. முள் இருக்கிறவர்களுக்குப் பயம் நல்ல கருப்பொருள். கூடத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

பவளத்துக்கும் ஒரு படிவம் வந்தது. 'பாதியில் வெளியேறிய காரணம்?' அவள் எழுதினாள்: "பிள்ளை அழுதான்." அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. "அடுத்த முறை பிள்ளையை நன்றாகப் பழக்கிக் கூட்டி வரவும்."

பவளம் நன்றாகப் பழக்கினாள். மானுக்குக் கிள்ள விரல் கிடையாது. எனவே காது நுனியை மெல்ல ஒரு கடி. கடித்தால் அழ வேண்டும், நக்கினால் நிறுத்த வேண்டும். பொட்டு இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். பிறகு அவள் புதர் புதராகப் போய் மற்றத் தாய்களிடம் சொன்னாள்.

"அடிப்பாவி, பெத்த பிள்ளையை நாமளே அழ விடுறதா?" என்றாள் ஒருத்தி.

"அழுதா கண்ணீர்தான் போகும், அக்கா."

அன்று சாயங்காலமே அந்த அக்காவும் தன் குட்டியின் காதைக் கடித்துப் பழக்க ஆரம்பித்தாள்.

அடுத்த காட்சிக்குப் புலிதான் தலைமை விருந்தினர். தலைமை விருந்தினர் என்பதால் தாமதமாகத்தான் வரும். விளக்கு அணைந்ததும் பவளம் பொட்டின் காதைக் கடித்தாள். வரிசை வரிசையாகக் காதுகள் கடிபட்டன. நாற்பது குட்டிகள் ஒன்றாக வீறிட்டன. மின்மினிகள் பயந்து எரிய வேண்டியவை அணைந்தன, அணைய வேண்டியவை எரிந்தன.

"அவுட்! எல்லாரும் அவுட்!" என்று நாரை மேடம் இறக்கையை அடித்துக்கொண்டார். தாய்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் வழியாக வெளியேறி, ஆற அமரத் தண்ணீர் குடித்தார்கள்.

புலி வந்தபோது கூடத்தில் ஈ காக்கை இல்லை. அது முன்வரிசையில் தன் பெயர் எழுதிய இடத்தில் உட்கார்ந்தது. பின்வாசலை நாரை மேடம் சாத்திவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டார், இனி யாரும் நடுவில் எழுந்து போகக் கூடாதாம். அவரைத் தின்னலாமென்றால் வெறும் கால். முன்வாசலை அடைத்துக்கொண்டு, முட்களைச் சிலிர்த்தபடி, ஊசி நின்றார்.

"ஜனங்களுக்குப் புரியலை" என்றார் தழுதழுத்த குரலில். "நீங்க ஒருத்தராவது புரிஞ்சுக்கணும். முதல்லேர்ந்து சொல்றேன்."

வெளியே தாய்கள் வீட்டுக்கு மூங்கில் புதர் வழியாகவே நிதானமாகத் திரும்பினார்கள். பொட்டு வழியில் இரண்டு இடத்தில் நின்று தளிர் கடித்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஊசியின் விளக்கம் இன்னும் முடியவில்லை. புலி மெலிந்துகொண்டே வருவதாகக் கேள்வி.

ஒரு காட்டில் ஒரு புலி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இப்போது எல்லா மான்களுக்கும் தெரியும்.

நீதி: நல்ல தாய் என்பவள் பிள்ளையைக் கிள்ளவும் வேண்டும், தொட்டிலை ஆட்டவும் வேண்டும். ஆட்டுவதை வீட்டிலும் கிள்ளுவதை முன்வரிசையிலும் வைத்துக்கொள்வது உத்தமம்.